ஸ்கோப் நல்லதுதான், மாட்டின உயரம்தான் தப்பு

டிஸ்கி: இது வேட்டைக்கு ஆள் சேர்க்கும் பதிவு இல்லை. நம் ஊரில் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது, மூடியதில் எனக்கு வருத்தமும் இல்லை. இங்கே நான் எழுதுவது வேட்டை சட்டப்படி நடக்கும் ஓர் ஊரில், உரிமம் வைத்திருக்கும் ஒரு பெரியவரின் துப்பாக்கியைப் பற்றி. போன பதிவு இட்லி மாவு ஏன் குளிர்காலத்தில் புளிப்பதில்லை என்பது. இந்தப் பதிவு துப்பாக்கி. கூடப் படித்த மக்கள் "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பது காதில் விழுகிறது. பொறுமையாகப் படிங்க, கடைசியில் இது ஒரு ஸ்குரூ சமாச்சாரம்தான் :-)

நான் படிப்பது பென்சில்வேனியாவில். இங்கே மான் வேட்டை என்பது ஒரு திருவிழா மாதிரி. தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கட்கிழமை ரைபிள் சீசன் தொடங்குவது பல காலப் பழக்கம். கிராமப்பக்கத்துப் பள்ளிகள் அன்றைக்கு லீவு விட்டுவிடும். 2019லிருந்து அது சனிக்கிழமைக்கு மாறியது. ஓநாய் அழிந்துபோன காடு, மான் பெருகி மரக்கன்றுகளை மேய்ந்துவிடுகிறது, சாலையில் காரில் அடிபடுகிறது. அதனால் அரசே எண்ணிக்கை பார்த்து உரிமம் கொடுக்கிறது. சரியா தப்பா என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.

என் ரூம்மேட் இந்த ஊர்க்காரன். அவன் தாத்தாவுக்கு 74 வயது. பதிவில் அவரை நானும் தாத்தா என்றே சொல்கிறேன், நேரில் "சார்" என்றுதான் கூப்பிட்டேன். அவரிடம் இருப்பது ஒரு பழைய மார்லின் 336. கையால் லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே போகும் வகை, .30-30 தோட்டா. நாற்பது வருடமாக அதில் ஸ்கோப் கிடையாது. பின்குறி, முன்குறி, மான், மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துச் சுடுவார். வயதாக ஆக அது முடியாமல் போனது. பக்கத்தில் இருக்கும் பின்குறி, அதைத் தாண்டி முன்குறி, தூரத்தில் மான், இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. இளமையில் கண் வேகமாக மாற்றி மாற்றிச் சமாளிக்கும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அந்த வித்தை தெரியாது. ஸ்கோப்பில் குறுக்குக் கோடும் மானும் ஒரே தளத்தில் தெரியும். அதனால் வயதானவர்களுக்கு ஸ்கோப் ஆடம்பரம் கிடையாது, மூக்குக்கண்ணாடி மாதிரி.

அதனால் ஒரு கடையில் 300 டாலருக்கு ஒரு நல்ல ஸ்கோப் வாங்கினார். அதை மாட்டுவதற்கான மவுன்ட் 15 டாலர். அந்த விகிதத்தைக் கவனியுங்க, அங்கேதான் கதை இருக்கிறது.

அவர் வாங்கியது "சீ-த்ரூ" வகை. ரிங்குகள் உயரமாக, அடியில் ஜன்னல் மாதிரி ஓட்டையோடு இருக்கும். மேலே ஸ்கோப் வழியாகவும் பார்க்கலாம், குனிந்து அந்த ஓட்டை வழியாகப் பழைய இரும்புக் குறியையும் பார்க்கலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

போன வருடம் அதே துப்பாக்கியால் சுமார் 60 கஜத்தில் நின்ற ஒரு மானைச் சுட்டார். 60 கஜம் என்பது அவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு சுடும் தூரம். குண்டு தோளுக்குப் பின்னால் விழ வேண்டியது, இன்னும் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டது. மான் ஓடிவிட்டது. இருட்டும்வரை ரத்தத் துளிகளைத் தேடிப் போனார்கள். மறுநாள் காலையும் போனார்கள். கிடைக்கவில்லை. ரூம்மேட் சொன்னது: "தாத்தா அன்னைக்கு சாப்பிடல, யாருகிட்டயும் பேசல." வேட்டைக்காரர்களில் நல்லவர், கெட்டவர் என்று நான் பிரிப்பதாக இருந்தால் இந்த இடத்தில்தான் பிரிப்பேன்.

இந்த வருடம் அக்டோபரில் என்னிடம் வந்தான். "நீ மெக்கானிக்கல்தானே, வந்து பாரு." உறவுக்காரர்கள் நம்மிடம் மிக்சி ரிப்பேருக்குக் கொண்டுவருவார்களே, அதே தர்க்கம். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதற்கு இங்கே மத்தியச் சட்டத்தில் தடை உண்டு, வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. என்னிடம் உரிமம் இல்லை. அதனால் துப்பாக்கி முழுக்க அவர் கையில். நான் பிடித்தது நோட்டும் பென்சிலும்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் மாட்ட இரண்டு பாகம் வேண்டும். முதலில் பேஸ்: துப்பாக்கியின் உடம்பில் ஸ்குரூ போட்டு இறுக்கும் பட்டை. அதன்மேல் ரிங்: ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையம். சில துப்பாக்கிகளில் பேஸ் உடம்பிலேயே செதுக்கப்பட்டிருக்கும், ரூகர் 77 அப்படி. மற்றவற்றுக்கு நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். குழாய் 1 அங்குலமா 30 மி.மீட்டரா என்பதைப் பார்த்து ரிங் வாங்க வேண்டும். பேஸில் வீவர் வகை, பிக்கட்டினி வகை என்று இரண்டு பிரபலம். வீவர் பள்ளத்தின் அகலம் 0.180 அங்குலம், பிக்கட்டினி 0.206. வீவர் ரிங்கைப் பிக்கட்டினி பேஸில் போடலாம், பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். திருப்பிப் போட்டால் உட்காராது.

இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத இரண்டு விஷயம்: எவ்வளவு உறுதி, எவ்வளவு உயரம்.

முதலில் உறுதி. இரண்டு ரிங்குக்கும் நடுவே 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பின் ரிங் மட்டும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு, சுமார் 0.003 அங்குலம், நகர்கிறது. 100 கஜம் என்பது 3600 அங்குலம். 0.003ஐ 5ஆல் வகுத்து 3600ஆல் பெருக்கினால் 2.16 அங்குலம். அதாவது இங்கே ஒரு முடி ஆடினால் அங்கே இரண்டு அங்குலம் விலகல். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியைச் சுமார் 8 அங்குல வட்டம் என்று வேட்டைக்காரர்கள் கணக்கு வைக்கிறார்கள். சுடுபவரின் கை நடுக்கம், மூச்சு, மானின் அசைவு எல்லாவற்றுக்கும் அந்த 8 அங்குலத்துக்குள்தான் பங்கு போட வேண்டும். அதில் இரண்டு அங்குலத்தை ஒரு லூஸ் ஸ்குரூவுக்குத் தாரை வார்ப்பது வீண்.

தாத்தாவின் துப்பாக்கியைக் கழற்றுவதற்கு முன்பு ஒரு நிபந்தனை போட்டேன்: இருக்கிறபடியே சுட்டுப் பார்க்க வேண்டும். ரேஞ்சில் மேஜைமேல் மணல் மூட்டை வைத்து 100 கஜத்தில் மூன்று குண்டு. 6 அங்குலத்துக்குச் சிதறின. பிறகு வீட்டில் பிரித்துப் பார்த்தால் பேஸின் பின் ஸ்குரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது. "ஆஹா, பிடிபட்டுவிட்டான் திருடன்!" என்று குதித்தேன். அதே உயர ரிங்குகளோடு ஸ்குரூவை மட்டும் ஒழுங்காக இறுக்கி மறுபடி சுட்டோம். சிதறல் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தாத்தா ஒன்றும் பேசாமல் எழுந்து, மேஜையை விட்டு வந்து, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து 50 கஜத்தில் மூன்று சுட்டார். காட்டில் யாருக்கும் மேஜை கிடையாதே! பாதித் தூரம்தான், ஆனால் குண்டுகள் தட்டு அளவுக்குச் சிதறின. என் சந்தோஷம் அங்கேயே அவிந்தது.

இதுதான் இந்தப் பதிவின் சாரம். மேஜையில் சுட்டுப் பார்ப்பது உறுதியைச் சோதிக்கும், உயரத்தைச் சோதிக்காது. மேஜையில் நமக்கு நேரம் இருக்கிறது. கழுத்தை நீட்டி, தாடையைக் கட்டையில் ஊன்றி, படம் முழுசாகத் தெரியும்வரை தலையை அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம். காட்டில் மான் கொடுப்பது நாலைந்து விநாடி.

மார்லின் மாதிரித் துப்பாக்கியின் பின்கட்டை இரும்புக் குறிக்காகச் செய்யப்பட்டது. கன்னத்தைக் கட்டையில் பதித்தால் கண் தானாகக் குறிக்கு நேராக வரும். அந்தக் கன்னம்தான் மூன்றாவது ஆதாரம். இரண்டு கை, தோள், கன்னம் எல்லாம் சேர்ந்துதான் துப்பாக்கி அசையாமல் நிற்கிறது. உயரமான ரிங் போட்டால் கண்ணை ஸ்கோப்புக்கு ஏற்றத் தலையைத் தூக்க வேண்டும், கன்னம் கட்டையை விட்டுவிடும். தலை அந்தரத்தில். ஒவ்வொரு தடவையும் கண் வேறு வேறு இடத்தில். ஸ்கோப்பின் ஓரத்தில் கருப்பு நிலாப் பிறை மாதிரி நிழல் வரும், அதை விரட்டத் தலையை ஆட்டுவோம், அதற்குள் விரல் இழுத்துவிடும்.

இங்கே என் பக்கத்துத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கண் நடுவில் இல்லாவிட்டால் இடமாறு தோற்றப் பிழை வரும், அதுதான் குற்றவாளி என்று நான் அடித்துச் சொன்னேன். பிறகு கணக்குப் போட்டேன். 32 மி.மீ. முன்லென்ஸ், 100 கஜத்துக்குப் பிழை இல்லாமல் அமைக்கப்பட்ட ஸ்கோப், 50 கஜத்தில் மான். கண் எவ்வளவு ஓரத்துக்குப் போனாலும் பிழை சுமார் 8 மி.மீட்டரைத் தாண்டாது. அதாவது ஒன்றுமே இல்லை. ஆக, குற்றவாளி ஒளியியல் இல்லை, பிடிமானம் இல்லாத தலை. பாடப்புத்தகத்தில் படித்ததை எல்லா இடத்திலும் ஒட்டக்கூடாது என்று எனக்கே ஒரு குட்டு.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பேஸிலிருந்து ஸ்கோப் குழாயின் நடுவரை அளந்தோம். பழைய ரிங்கில் ஒன்றரை அங்குலம். பிறகு வாங்கின தாழ்வான ரிங்கில் முக்கால் அங்குலம். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, ஸ்கோப் தன் எடையால் அங்கேயே நிற்கப் பார்க்கிறது. அந்த இழுப்பு முழுக்கப் பேஸின் ஸ்குரூக்களில் நெம்புகோலாக இறங்கும். உயரம் இரண்டு மடங்கு என்றால் நெம்பலும் இரண்டு மடங்கு. வேட்டைத் துப்பாக்கிகளில் பேஸ் ஸ்குரூ பெரும்பாலும் மூன்றரை மி.மீ. தடிமன்தான். அது தளர்ந்ததில் ஆச்சரியம் என்ன?

ஆகவே என் கட்சி இதுதான்: வேட்டைத் துப்பாக்கிக்கு மவுன்ட் தாழ்வாக, நிலையாக, குறைந்த பாகங்களோடு இருக்க வேண்டும். முன்லென்ஸ் பேரலில் முட்டாமல் இரண்டு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்போம். மழையில், பனியில் லென்ஸ் மங்கினால் என்ன செய்வது? மான் பத்தடியில் வந்து நின்றால்? நியாயமான கேள்விகள். முதலாவதற்கு லென்ஸ் மூடி. இரண்டாவதற்கு, பெருக்கத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நடப்பது. 2 மடங்கில் பத்தடி மானும் தெரியும். அதோடு, இந்த மாநிலத்தில் 2002லிருந்து கொம்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிளை இல்லாத ஆண்மானைப் பெரும்பாலானவர்கள் சுடக்கூடாது என்று விதி. எண்ணிப் பார்த்துத்தான் சுட முடியும். எண்ணுவதற்கும் பைனாகுலர்தான் எடுக்க வேண்டும். ஸ்கோப்பால் தேடினால் எதிரே இருப்பது மனிதனாக இருந்தாலும் குழல் அவன் பக்கம் திரும்பியிருக்கும். எனவே பத்தடியில் புதரிலிருந்து பாய்வதைப் பழைய குறியால் படக்கென்று சுடும் அந்தக் கற்பனைக் காட்சி, இங்கே நடக்கவே கூடாத காட்சி.

சட்டென்று கழற்றி மாட்டும் லீவர் வகை மவுன்ட்டும் உண்டு. நல்லதாக வாங்கினால் கழற்றி மாட்டினாலும் குறி கிட்டத்தட்ட அதே இடத்துக்குத் திரும்பும். ஆப்பிரிக்காவில் எருமை வேட்டைக்குப் போகிறவர் அதைத்தான் போட வேண்டும், காயம்பட்ட எருமை புதருக்குள் இருக்கும்போது ஸ்கோப் இல்லாமல் சுட வேண்டி வரலாம். ஜெர்மனியில் சூல் நகரத்துக் கொக்கி மவுன்ட் என்று ஒன்று, கைத்தொழிலாளி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அரத்தால் தேய்த்துப் பொருத்துவார். அழகு, விலையும் அப்படி. பென்சில்வேனியா மானுக்கு இரண்டுமே தேவையில்லை.

தாழ்வாக நடுவில் மாட்ட முடியாத துப்பாக்கிகளும் இருக்கின்றன. வின்செஸ்டர் 94 அதற்கு நல்ல உதாரணம். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1894இல் வந்தது. காலி உறை மேல்பக்கமாகத் துள்ளும், நடுவில் ஸ்கோப் இருந்தால் அதில் முட்டும். அதனால் ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி மாட்டினார்கள், அல்லது பேரலில் முன்னால் தள்ளி மாட்டினார்கள். 1980களில் கம்பெனியே உறை சாய்வாகத் துள்ளும்படி மாற்றியது, ஸ்கோப்புக்காகவே. மார்லின் 336இல் உறை பக்கவாட்டில் போகும், மேல்பக்கம் மூடியது. அப்படி ஒரு வசதி இருந்தும் உயர ரிங் போடுவது, சமதரையில் ஏணி போட்டு நடப்பது மாதிரி.

பிறகு என்ன செய்தோம் என்று சுருக்கமாக. தோட்டா இல்லை என்று இரண்டு பேர் இரண்டு தடவை பார்த்தோம். மார்லினில் ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் லீவரும் போல்ட்டும் வெளியே வந்துவிடும், குழல் வழியே வெளிச்சத்தைப் பார்க்கலாம். ஸ்குரூ ஓட்டைகளின் எண்ணெயைத் துடைத்து, பேஸ் ஸ்குரூக்களில் நீல நிற இறுக்குப் பசை ஒரு துளி. ரிங்கைப் பள்ளத்தில் வைத்து முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்கினோம், ஏனென்றால் உதைக்கும்போது ஸ்கோப் முன்பக்கம்தான் நழுவப் பார்க்கும். டார்க் ஸ்குரூடிரைவரால் தயாரிப்பாளர் தாளில் போட்டிருந்த அளவுக்கு மட்டும் இறுக்கினோம். "இன்னும் கொஞ்சம்" என்று பலம் காட்டினால் குழாய் நசுங்கும். பழைய பின்குறி மடியக்கூடியது, மடக்கிவிட்டோம்.

தாழ்வான ஸ்கோப்பில் ஒரு தொல்லை: பின்னால் இருக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் பிடிக்க இடம் போதாது. வழுக்கினால் வெடிக்கும். அதற்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஒட்டுத்துண்டு கிடைக்கிறது. அதை மாட்டாமல் வெளியே எடுத்துப் போகக்கூடாது என்று நானும் ரூம்மேட்டும் பிடிவாதம் பிடித்தோம்.

கடைசியாகக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம். தாத்தா வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முழு வட்டமும் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் ஸ்கோப்தான் நகர வேண்டும், தலை நகரக்கூடாது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. கட்டை இன்னும் ஒரு சிட்டிகை தாழ்வாக இருந்ததால் தோல் பட்டை ஒன்றைக் கட்டினோம். திறந்த கண்ணோடு "ஓ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதே ஸ்கோப், அதே பெட்டித் தோட்டா. மேஜையில் 100 கஜத்தில் முன்னேற்றம் கொஞ்சம்தான். காலை மடக்கி உட்கார்ந்து 50 கஜத்தில் சுட்டபோது மூன்றும் ஒரு தேநீர்க் கோப்பை வாய்க்குள் அடங்கின. மூன்று மூன்று குண்டை வைத்துப் புள்ளிவிவரம் பேச முடியாது, தெரியும். போன வருடம் மான் தப்பியது ஸ்குரூவாலா, கன்னத்தாலா, அவர் கை நடுங்கியதாலா என்பதையும் யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் மூன்றில் இரண்டு நம்மால் சரிசெய்யக்கூடியவை.

சீசன் முதல் நாள் நானும் ஆரஞ்சு நிறச் சட்டை தொப்பியோடு, கையில் பிளாஸ்க்கோடு கூடப் போனேன். விரல் எல்லாம் மரத்துப்போனது. மதியத்துக்கு மேல் ஒரு ஆண்மான் வந்தது. தாத்தா பைனாகுலரில் எண்ணினார், துப்பாக்கியைத் தூக்கினார், கன்னத்தைப் பதித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். சத்தமே வரவில்லை. மெதுவாக இறக்கினார். தோளுக்கு முன்னால் ஒரு கிளை குறுக்கே இருந்ததாம். "போன வருடம் என்றால் அந்தக் கிளை எனக்குத் தெரிந்தே இருக்காது" என்றார். மான் நடந்து போய்விட்டது.

சீசன் முடிவதற்குள் அவருக்கு ஒரு மான் கிடைத்தது. நான் அன்றைக்கு இல்லை, அசைன்மென்ட். ஒரே குண்டு, இருபது அடிக்குள் விழுந்துவிட்டது என்று ரூம்மேட் சொன்னான். எனக்கென்னவோ அந்தச் செய்தியைவிட, சுடாமல் இறக்கின அந்த நிமிடம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

ஒரு உயிரை எடுக்கும் உரிமையைக் காசு கட்டி வாங்குகிறவர், அது வலியில்லாமல் முடிய வேண்டும் என்ற கடமையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அந்தக் கடமை 300 டாலர் கண்ணாடியில் இல்லை, அடியில் இருக்கும் நாலு சின்ன ஸ்குரூவிலும் முக்கால் அங்குல உயரத்திலும் இருக்கிறது. இரண்டு மாங்காய்க்கு ஆசைப்பட்டு உயரத்தில் மாட்டாதீங்க. கன்னம் எங்கே பதிகிறதோ, அங்கிருந்து அளக்க ஆரம்பிங்க.

பி.கு.: பழைய உயர ரிங்கை என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு: இப்போது அது என் மேஜையில் பேனா ஸ்டாண்டு. இரண்டு ஓட்டை, இரண்டு பேனா. அதற்கு அது சரியான உயரம் :-)